பாதாளத்தில் ஓர்ஃபியஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எவ்வகைப் படைப்பு? யார் இயற்றியது?

'ஓர்ஃபே ஓஸான்ஃபேர்' என்ற பிரெஞ்சுத் தலைப்பைத் தமிழில் 'பாதாளத்தில் ஓர்ஃபியஸ்' எனலாம். ஜாக் ஓஃபன்பாக் இசையமைத்த இந்த நகைச்சுவை ஓபரா (பாடி நடிக்கும் இசை நாடகம்), 1858 அக்டோபர் 21 அன்று பாரிஸின் பூஃப்-பாரிஸியன் அரங்கில் அரங்கேறியது. எக்தர் கிரெமியூவும் லுதோவிக் அலேவியும் சேர்ந்து இதன் பாடல்களையும் வசனங்களையும் எழுதினார்கள். ஆனால் அலேவி அப்போது அல்ஜீரிய விவகார அமைச்சகத்தில் உயர்பதவி ஏற்றிருந்தார். கேலி நாடகத்தோடு தம் பெயர் சேர்ந்தால் உத்தியோகத்துக்கு இழுக்கு என்று அவர் அஞ்சியதால், விளம்பரத்தாள்களில் கிரெமியூவின் பெயர் மட்டுமே இடம்பெற்றது. நூலை அலேவிக்கே காணிக்கையாக்கி, கிரெமியூவும் ஓஃபன்பாக்கும் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தார்கள். இதே அலேவிதான் பின்னாளில் ஆன்ரி மெய்யாக்குடன் சேர்ந்து 'அழகி எலேன்', 'கார்மென்' ஆகியவற்றுக்கு எழுதியவர்.

ஓஃபன்பாக் பிறந்தது 1819இல், ஜெர்மனியின் கொலோன் நகரில். பதினான்கு வயதில் செல்லோ வாத்தியத்தோடு பாரிஸுக்கு வந்து, இசைக் கல்லூரியில் சிறிது காலம் படித்துவிட்டு, ஓபரா-கோமிக் அரங்கின் வாத்தியக் குழுவில் வாசித்தார். இந்தப் படைப்பு மேடையேறியபோது அவருக்கு வயது 39, கழுத்தளவு கடன்.

கதை என்ன?

கிரேக்கப் பழங்கதையில் ஓர்ஃபியஸ் ஒப்பற்ற இசைக்கலைஞன். பாம்பு தீண்டி இறந்த மனைவி யூரிடிசியை மீட்கப் பாதாளத்துக்கே போய், தன் பாட்டால் அங்குள்ள தெய்வங்களையும் உருக்கி, 'திரும்பிப் பார்க்கக் கூடாது' என்ற நிபந்தனையை மீறியதால் அவளை மறுபடியும் இழக்கிறான். கேட்போர் கண் கலங்கும் கதை அது.

ஓஃபன்பாக்கின் மேடையில் இந்தத் தம்பதிக்கு ஒருவரையொருவர் கண்டாலே ஆகாது. ஓர்ஃபியஸ் தீப்ஸ் நகரத்து வயலின் ஆசிரியன். அவனுடைய வயலின் சத்தமே யூரிடிசிக்குத் தலைவலி. சண்டை முற்றும்போது, தான் புதிதாக இயற்றிய கச்சேரி உருப்படியை முழுவதும் வாசித்துக் காட்டப்போவதாக அவன் மிரட்டுகிறான். அது ஒன்றேகால் மணி நேரம் நீளும். அவளுக்கோ அண்டை வீட்டு இடையன் அரிஸ்டேயஸ்மேல் காதல். அவன் உண்மையில் மாறுவேடத்தில் வந்திருக்கும் பாதாள வேந்தன் புளூட்டோ. பாம்பு கடித்து அவள் சாகிறாள். செத்த பிறகு எழுந்து, 'நான் இறந்துவிட்டதால் வீட்டை விட்டுப் போகிறேன்' என்று கணவனுக்குக் கதவில் எழுதி வைத்துவிட்டுப் புளூட்டோவுடன் கிளம்புகிறாள். ஓர்ஃபியஸுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 'பொதுஜன அபிப்பிராயம்' என்ற பாத்திரம் குறுக்கே வந்து, மனைவியை மீட்கப் போகாவிட்டால் உன் மானம் கப்பலேறும் என்று மிரட்டி, அவனை ஒலிம்பஸ் மலைக்கு இழுத்துச் செல்கிறது. அங்கே தேவர்கள் குறட்டை விட்டுத் தூங்குகிறார்கள். தினமும் அமுதும் மதுவுமே உணவு என்பதால் அவர்கள் நாக்கு செத்துப்போயிருக்கிறது. ஓர்ஃபியஸின் வழக்கு அவர்களுக்கு ஊர் சுற்றிப் பார்க்க ஒரு சாக்கு. எல்லோரும் பாதாளத்துக்குப் புறப்படுகிறார்கள். தேவர்களின் அரசர் ஜூபிடர் ஈயாக மாறிச் சாவித்துவாரம் வழியே யூரிடிசியின் அறைக்குள் நுழைகிறார். இறுதியில் மதுக்களியாட்டம். ஓர்ஃபியஸ் மனைவியை அழைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடக்கும்போது ஜூபிடர் இடியை வீசித் திடுக்கிடவைக்க, அவன் திரும்பிவிடுகிறான். யூரிடிசி மதுத் தெய்வத்தின் அடியவளாகப் பாதாளத்திலேயே தங்குகிறாள். எல்லோருக்கும் திருப்தி, பொதுஜன அபிப்பிராயத்தைத் தவிர.

'பொதுஜன அபிப்பிராயம்' ஒரு பாத்திரமா?

ஆம். கிரேக்க நாடகங்களில் நிகழ்வுகளைப் பார்த்துக் கருத்துரைக்கும் குழுவின் இடத்தை இங்கே ஒற்றைப் பெண் எடுத்துக்கொள்கிறாள். பழைய குழு கதையை விளக்கியதோடு நின்றது. தான் கதைக்குள் புகுந்து அதை நடத்தவும் செய்வேன் என்று திரை உயர்ந்ததுமே அவள் சபையோரிடம் அறிவிக்கிறாள். நம் வீடுகளில் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்கிறோமே, அந்த நாலு பேரும் ஓருருவாகி மேடையேறினால் எப்படியிருக்குமோ அப்படி.

என் கணிப்பில் இந்த நாடகத்தின் அச்சாணி இவள்தான். தேவர்களைக் கேலி செய்வது ஓஃபன்பாக்குக்கு முன்பும் இருந்தது. அன்பில்லாத கணவன் ஊருக்குப் பயந்து பாதாளம் வரை போவதும், தேவர்களின் அரசரே 'வெளியே தெரிந்தால் நன்றாயிருக்காது' என்று அஞ்சுவதும் இங்கேதான் கிடைக்கின்றன.

இது 'ஓபரா கோமிக்' வகையைச் சேர்ந்ததா?

இந்தப் பெயர் பலரைக் குழப்பும். பிரான்சில் 'ஓபரா கோமிக்' என்றால் சிரிப்பு ஓபரா என்று பொருளல்ல. பாடல்களுக்கு இடையே பேச்சு வசனம் வரும் ஓபரா என்று பொருள். கதாநாயகி கத்திக்குத்துப்பட்டு இறக்கும் 'கார்மென்' கூட அவ்வகைதான். ஓஃபன்பாக் தம் படைப்பை 1858இல் 'ஓபரா பூஃபோன்' என்று குறித்தார். கேலியே நோக்கமான ஓபரா என்று அதற்குப் பொருள். பேச்சு வசனம் இதிலும் உண்டு. எனவே அமைப்பில் ஓபரா கோமிக்கின் உறவினர், குணத்தில் வேறு.

இவ்வளவு புகழ்பெற்ற படைப்பு ஏன் ஒரு சிறு அரங்கில் தொடங்கியது?

சட்டம் அப்படி இருந்தது. முதலாம் நெப்போலியன் 1807இல் பிறப்பித்த ஆணை, பாரிஸின் அரங்குகளை எண்ணிக்கையில் சுருக்கி, எந்த அரங்கு எவ்வகை நாடகத்தை நடத்தலாம் என்றும் வரையறுத்தது. முழுக்கப் பாடப்படும் ஓபரா ஓர் அரங்குக்கு, பேச்சு கலந்தது இன்னோர் அரங்குக்கு என்று பங்கிடப்பட்டிருந்தது. 1864இல்தான் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

ஓபரா-கோமிக் அரங்கு தம் படைப்புகளை ஏற்காததால், 1855 ஜூலை 5 அன்று, உலகக் கண்காட்சிக்குப் பாரிஸில் கூட்டம் திரண்டிருந்த வேளையில், ஷான்ஸெலிஸே சாலையோரம் ஒரு சிறிய அரங்கில் ஓஃபன்பாக் பூஃப்-பாரிஸியனைத் தொடங்கினார். அவ்வாண்டு இறுதியில் அது ஷுவாஸெல் நடைக்கடைத் தெருவை ஒட்டிய அரங்குக்கு இடம்பெயர்ந்தது. உரிமத்தின்படி நாடகம் ஓர் அங்கமே இருக்கலாம். பாத்திரங்கள் தொடக்கத்தில் மூன்று, பிறகு நான்கு. 1857இல் 'குரோக்ஃபேர்' என்ற நாடகத்தில் ஐந்தாவது பாத்திரம் தேவைப்பட்டபோது, போரில் நாக்கறுபட்ட ஊமை வீரனாக அவனை ஆக்கிச் சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவினார்கள்.

1858இல் இந்தக் கட்டுகள் தளர்ந்தன. கோரஸ் என்னும் கூட்டுப்பாடகர் குழுவும் பெரிய நடிகர் கூட்டமும் அனுமதிக்கப்பட்டதும் ஓஃபன்பாக் கையிலெடுத்த முதல் முழுநீளப் படைப்பு இது: இரண்டு அங்கங்கள், நான்கு காட்சிகள். ஒலிம்பஸ் முழுவதையும் மேடைக்குக் கொண்டுவந்த அந்த உற்சாகத்தை, மூன்று ஆண்டுகள் மூன்று நான்கு பேரைக் கொண்டே காலம் தள்ளியவரின் உற்சாகம் என்று உணர்ந்து கேட்டால் இசையின் துள்ளல் இன்னும் நன்றாகப் புரியும். உடை வடிவமைப்பில் ஓவியர் குஸ்தாவ் தோரேயும் பங்கேற்றார்.

முதல் இரவிலேயே வெற்றி பெற்றதா?

இல்லை. வரவேற்பு இருந்தது, ஆனால் கடனை அடைக்கும் அளவுக்கு வசூல் இல்லை. நிலைமையை மாற்றியவர் இதை வெறுத்த ஒருவர்தான். 'ஜூர்னால் தே தேபா' நாளேட்டின் செல்வாக்கு மிக்க விமர்சகர் ஜூல் ஜானன், 1859 தொடக்கத்தில், புனிதமான தொல்பழங்காலத்தை இது களங்கப்படுத்திவிட்டது என்று கடுமையாகத் தாக்கி எழுதினார். கிரெமியூ 'ஃபிகாரோ' இதழில் அதற்குப் பதிலளித்தார்: ஒலிம்பஸின் பேரழகைப் புகழ்ந்து புளூட்டோ பேசும் வசனத்துக்குச் சபை விழுந்து விழுந்து சிரிக்கிறதே, அது ஜானன் தாமே எழுதிய கட்டுரையிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுக்கப்பட்டது என்று.

அதன்பின் பாரிஸே திரண்டு வந்தது. நூறு முறை நடந்தாலே வெற்றி என்று கருதப்பட்ட அந்தக் காலத்தில், 1859 கோடையில் நடிகர்கள் களைத்துப் போய் நிறுத்தும் வரை முதல் ஓட்டத்தில் 228 முறை நடந்தது. 1860 ஏப்ரலில் ஓஃபன்பாக்கின் நன்மைக்காக நடத்தப்பட்ட சிறப்புக் காட்சிக்குப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே வந்தார். அவ்வாண்டிலேயே ஓஃபன்பாக் பிரெஞ்சுக் குடியுரிமையும் பெற்றார்.

முதலில் நடித்தவர்கள் யார்?

லீஸ் தோத்தான் யூரிடிசியாகவும், தாயோ ஓர்ஃபியஸாகவும், தெஸிரே ஜூபிடராகவும், லெயோன்ஸ் புளூட்டோவாகவும் நடித்தார்கள். ஆனால் நான் முதலில் நினைப்பது பாஷ் என்ற நடிகரைத்தான். பிரான்சின் மிக மதிப்புக்குரிய பேச்சு நாடக அரங்கான கொமெதி-ஃபிரான்ஸேஸிலிருந்து வந்த அவருக்காகவே ஜான் ஸ்டிக்ஸ் என்ற பாத்திரம் உருவானது. பாதாளத்தில் யூரிடிசிக்குக் காவல் இருக்கும் குடிகார ஏவலாள் அவன். உயிரோடிருந்தபோது பியோஷியா நாட்டு மன்னன். மந்தபுத்திக்குப் பேர்போன நாடு அது. 'நான் பியோஷியாவின் மன்னனாக இருந்தபோது' என்று அவன் பாடும் பாட்டு எளிய மெட்டு. பெரிய குரல் தேவையில்லை. சிரிப்பதற்காக வைத்த பாட்டில் இழந்த வாழ்வின் ஏக்கம் மெல்லிதாகக் கசிகிறது. ஓஃபன்பாக்குக்குக் கேலி மட்டுமே தெரியும் என்பவர்கள் இந்த ஒரு பாட்டைக் கேட்க வேண்டும்.

குளுக்கின் ஓபராவை இது கேலி செய்கிறது என்கிறார்களே?

இசையமைப்பாளர் குளுக்கின் 'ஓர்ஃபியஸ்' 1762இல் வியன்னாவிலும், பிரெஞ்சு வடிவில் 1774இல் பாரிஸிலும் அரங்கேறியது. யூரிடிசியை இழந்த ஓர்ஃபியஸ் அதில் பாடும் சோகப்பாட்டு எல்லோர் காதிலும் இருந்தது. ஓஃபன்பாக் அந்த மெட்டை அப்படியே எடுத்து, மனைவி போனதில் மகிழும் கணவன் வாயில் வைக்கிறார். அவன் தொடங்கியதுமே ஒலிம்பஸ் தேவர்கள் தெரிந்த பாட்டு என்று சேர்ந்து பாடுகிறார்கள். குளுக்கின் மெட்டில் அவர் ஒரு சுரத்தையும் கோணலாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மெட்டு தூய்மையாக ஒலிக்கிறது; பாடுபவன் மட்டுமே பொய் சொல்கிறான். என்னைப் பொறுத்தவரை குளுக்குக்கு இது மரியாதை, அவமதிப்பன்று. ஓராண்டு கழித்து, 1859 நவம்பரில், இசையமைப்பாளர் பெர்லியோஸ் குளுக்கின் ஓபராவைச் சீரமைத்துப் பாடகி போலின் வியார்தோவைக் கொண்டு பாரிஸில் மீண்டும் மேடையேற்றினார். ஒரே நகரத்தில் கேலியும் மூலமும் அடுத்தடுத்து வெற்றி கண்டன.

அரசியல் கேலியும் உண்டா?

உண்டு. காதல் லீலைகளில் மூழ்கி, வெளியே மட்டும் கண்ணியம் காக்கும் ஜூபிடரில் மூன்றாம் நெப்போலியனின் அரசவையைப் பார்வையாளர்கள் கண்டுகொள்ள முடிந்தது. தேவர்கள் ஜூபிடருக்கு எதிராகக் கிளர்ந்தெழும் கோரஸில் 'லா மார்செயேஸ்' பாட்டின் மெட்டு தலைகாட்டுகிறது. குடியரசுப் பாட்டு என்பதால் பேரரசு விலக்கி வைத்திருந்த பாட்டு அது. அமுதும் மதுவும் அலுத்துவிட்டன என்பதற்காகத் தேவர்கள் அந்தப் புரட்சிப் பாட்டைப் பாடுகிறார்கள். அடுத்து வரும் பாடலில் மினர்வா, கியூபிட், வீனஸ், டயானா நால்வரும் ஆளுக்கொரு கண்ணியாக ஜூபிடரின் பழைய மாறுவேடங்களைக் காளை, அன்னம், பொன்மழை என்று பட்டியலிட்டு அவரை வாயடைக்கச் செய்கிறார்கள்.

கான்கான் நடன இசை இதிலிருந்துதான் வந்ததா?

மெட்டு இதிலிருந்து வந்தது. ஆனால் ஓஃபன்பாக் இட்ட பெயர் 'பாதாள கேலப்'. கேலப் என்பது ஒரு வேகமான நடனம். இறுதிக் காட்சியில் ஜூபிடர் முதலில் பழைய அரசவை நடனமான மினுவெட்டை நிதானமாக ஆடுகிறார். அது முடிந்ததும் மொத்தப் பாதாளமும் கேலப்பில் பாய்கிறது. கேலப்பை மட்டும் தனியே கேட்பவர்கள் இழப்பது இந்த ஏற்பாட்டைத்தான். கட்டி வைத்த மரியாதை அறுந்தோடும் வேகம், முன்னால் வந்த மினுவெட்டை வைத்துத்தான் உறைக்கும். 1889இல் திறக்கப்பட்ட மூலான் ரூஜ் போன்ற கேளிக்கை அரங்குகள் பின்னர் இந்த மெட்டை எடுத்துக்கொள்ள, காலுயர்த்தி ஆடும் நடனத்துக்கே அது அடையாளமாகிவிட்டது. இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1886இல் எழுதிய 'விலங்குகளின் திருவிழா'வில் ஆமைகளுக்கான பகுதி, இதே மெட்டைத் தவழும் வேகத்தில் வாசிப்பதுதான்.

கச்சேரிகளில் வாசிக்கப்படும் புகழ்பெற்ற முன்னிசை ஓஃபன்பாக் எழுதியதுதானா?

மெட்டுகள் அவருடையவை, கோத்தவர் வேறொருவர். 1860 மார்ச்சில் வியன்னாவின் கார்ல் அரங்கு இதை ஜெர்மன் மொழியில் நடத்தியது. தழுவி எழுதிய யோகான் நெஸ்ட்ராயே ஜூபிடராகவும் நடித்தார். அதற்காகக் கார்ல் பிண்டர் என்ற இசைநடத்துநர், வயலின் தனிவாசிப்பும் இறுதியில் கேலப்பும் வரும்படி ஒரு நீண்ட முன்னிசையைத் தொகுத்தார். 1858இல் பாரிஸில் ஒலித்தது ஒரு குறுகிய தொடக்க இசையே.

1858 வடிவத்துக்கும் 1874 வடிவத்துக்கும் என்ன வேறுபாடு?

இந்தப் படைப்பின் மேடை வரலாற்றில் மிக முக்கியமான கேள்வி இதுதான், 'எந்த ஓர்ஃபியஸ்?' என்று கேட்காமல் எந்தத் தயாரிப்பையும் மதிப்பிட முடியாது.

1870இல் பிரஷ்யப் போரில் பேரரசு வீழ்ந்தது. அரசவையைச் சுற்றி வளர்ந்த கேலிக்கு இருந்த களமும் அதோடு போயிற்று; ஜெர்மனியில் பிறந்தவர் என்ற சந்தேகமும் ஓஃபன்பாக்கைத் துரத்தியது. 1873இல் கெய்தே என்ற பெரிய அரங்கின் நிர்வாகத்தை அவர் ஏற்று, 1874 பிப்ரவரி 7 அன்று ஓர்ஃபியஸை நான்கு அங்கங்கள், பன்னிரண்டு காட்சிகள் கொண்ட 'மாயாஜால ஓபரா'வாக விரித்து மேடையேற்றினார். வாத்தியக் குழுவில் 60 பேர், கோரஸில் 120 பேர். புதிய முன்னிசை, பாலே நடனங்கள், தேவர்களின் தூதன் மெர்க்குரிக்குத் துள்ளலான ஒரு பாட்டு, பாதாள நீதிபதிகளின் விசாரணைக் காட்சி எல்லாம் சேர்ந்தன. ஆகஸ்டில் கடல் தேவன் நெப்டியூனின் கடலடி உலகம் என்று மற்றொரு காட்சியும் கூடியது. கூட்டம் அலைமோதியது. ஆனால் அந்த ஆண்டு இறுதியில் பெருஞ்செலவில் மேடையேற்றிய 'லா ஏன்' என்ற நாடகம் தோற்க, ஈட்டிய பணமெல்லாம் கரைந்தது; கடனை அடைக்கவே 1876இல் அவர் அமெரிக்கப் பயணம் மேற்கொள்ள நேர்ந்தது.

எது சிறந்தது என்று கேட்டால், தயங்காமல் 1858 என்பேன். 1874இல் சேர்ந்த இசையில் அழகான பகுதிகள் உண்டு. நீதிபதிகளின் காட்சியை இழக்க எனக்கும் மனமில்லை. ஆனால் கேலிக்கு வேகம் வேண்டும். பன்னிரண்டு காட்சிகளில் கண்ணுக்கு விருந்து கூடும்போது, பொதுஜன அபிப்பிராயத்தின் விரட்டல் தளர்ந்துபோகிறது.

பிரான்சுக்கு வெளியே எப்போது பரவியது?

மிக விரைவில். 1859இலேயே பிரெஸ்லாவிலும் பிராகாவிலும், 1860இல் வியன்னாவிலும் பெர்லினிலும், 1861இல் நியூயார்க்கிலும் நடந்தது. நியூயார்க்கில் முதலில் கேட்ட மொழி ஜெர்மன்தான். லண்டனில் 1865 டிசம்பர் 26 அன்று பிளான்ஷேயின் ஆங்கிலத் தழுவல், 'ஹேமார்க்கெட்டில் ஓர்ஃபியஸ்' என்ற பெயரில் மேடையேறியது. ஹேமார்க்கெட் என்பது அரங்கு இருந்த தெருவின் பெயர்.

அண்மைக் காலத்தில் குறிப்பிடத்தக்க தயாரிப்புகள் எவை?

1985இல் லண்டனில் இங்கிலீஷ் நேஷனல் ஓபரா நடத்திய தயாரிப்பில், கேலிச்சித்திரக்காரர் ஜெரால்ட் ஸ்கார்ஃப் பொதுஜன அபிப்பிராயத்துக்கு அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சரின் சாயலைக் கொடுத்தார். பாத்திரத்தின் உயிரைப் பிடித்த வடிவமைப்பு என்றே சொல்ல வேண்டும். பாரிஸ் ஓபராவின் மேடையில் இது ஏறுவதற்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1997இல் லொரான் பெல்லி இயக்கி, மார்க் மின்கோவ்ஸ்கி இசை நடத்திய தயாரிப்பு ஜெனீவாவிலும் லியோனிலும் நடந்தது. ஓஃபன்பாக்கின் இருநூறாம் ஆண்டான 2019இல் சால்ஸ்பர்க் விழாவுக்காக பாரி கோஸ்கி இயக்கியபோது, ஜான் ஸ்டிக்ஸாக நடித்த மாக்ஸ் ஹோப் ஒருவரே எல்லாப் பாத்திரங்களின் பேச்சு வசனங்களையும் பேசினார், மற்றவர்கள் வாயசைத்தார்கள். பல நாட்டுப் பாடகர்களுக்குப் பேச்சு வசனம் எப்போதும் இடறும் இடம். அந்தச் சிக்கலையே நகைச்சுவையாக்கிய உத்தி அது.

முதன்முறை கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

மின்கோவ்ஸ்கியின் லியோன் பதிவு 1858 வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு 1874இலிருந்து சில பகுதிகளைச் சேர்த்துக்கொள்கிறது. நத்தாலி தெஸ்ஸே யூரிடிசியாகப் பாடுகிறார். காணொளியாகவும் கிடைப்பதால் தொடக்கத்துக்கு அதையே பரிந்துரைப்பேன். விரிந்த 1874 வடிவம் வேண்டுவோருக்கு, மிஷேல் பிளாஸோன் துலூஸ் குழுவினருடன் செய்த பதிவு இருக்கிறது.

பிரெஞ்சு தெரியாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. கதைச்சுருக்கத்தை ஒருமுறை படித்துக்கொண்டால் போதும். தொடக்கத்தில் வரும் கணவன் மனைவி சண்டையை முதலில் கேளுங்கள். வயலின் எவ்வளவு இனிமையாக இழைகிறதோ அவ்வளவுக்கு யூரிடிசியின் எரிச்சல் ஏறுவது குரலிலேயே தெரியும். அடுத்து ஈயின் ஜோடிப்பாட்டு: அறைக்குள் பறந்து வந்த பொன்னிற ஈயைப் பிடிக்க யூரிடிசி சொற்களால் கொஞ்சிக் கொஞ்சிப் பாட, தேவர்களின் அரசர் அவளுக்கு வெறும் ரீங்காரத்தாலேயே மறுமொழி தருகிறார்.